மஞ்சளுக்கும் ஓர் உலக மன்றம் உண்டு: அங்கே இந்தியா செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வியாபாரி சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளுவார். விரலி எவ்வளவு, கிழங்கு எவ்வளவு என்று உள்ளங்கையிலேயே பிரித்துப் பார்ப்பார். ஒரு விரலியை எடுத்து ஒடிப்பார். சட்டென்று ஒடிந்தால் நன்றாகக் காய்ந்த சரக்கு, வளைந்து கொடுத்தால் ஈரம். ஒடிந்த இடத்தில் நிறம் பார்ப்பார், பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சு.

2024 ஜனவரி கடைசியில் பல நாட்டு அதிகாரிகள் கொச்சியில் கூடி இதே சோதனையைத்தான் காகிதத்தில் எழுதி முடித்தார்கள். உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் மசாலாப் பொருள் குழு அது. மஞ்சள், ஏலக்காய், அன்னாசிப்பூ உள்ளிட்ட ஐந்து பொருள்களுக்கான தர வரைவு அங்கே இறுதியானது. அந்தக் குழுவைப் பொறுப்பேற்று நடத்தும் நாடு இந்தியா. நம் மசாலாப் பொருள்கள் வாரியம்தான் அதன் செயலகம். உலக வர்த்தக அமைப்பில் உணவுச் சரக்கு பற்றித் தகராறு வந்தால், கோடெக்ஸ் தரத்தைத்தான் அளவுகோலாக எடுத்துவைப்பார்கள். ஈரோட்டு மஞ்சளும் போடி ஏலக்காயும் வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்குமா திரும்பி வருமா என்பதில் அந்த அறைக்கு ஒரு பங்கு இருக்கிறது.

உலக மன்றங்களில் இந்தியாவின் இடம் என்று பேச்செடுத்தால் பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் எப்போது என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் நாட்டின் செல்வாக்கு பெரும்பாலும் கொச்சிக் கூட்டம் போன்ற அறைகளில்தான் சேர்கிறது, அங்கேதான் கைநழுவியும் போகிறது. 80 ஆண்டு அனுபவம் நமக்கு இருக்கிறது. அதிலிருந்து எனக்குப் படுகிறவற்றை இங்கே எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

வரைவு எழுதும்போதே உள்ளே இருங்கள். தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும் நாளில் போய்க் கை தூக்குவதில் பெரிதாக ஒன்றும் மாறாது. மனித உரிமைப் பிரகடனத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பிரிவின் ஆங்கில வரைவில், எல்லாரும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்று சொல்ல வந்த இடத்தில், ஆண்களைக் குறிக்கும் சொல் போடப்பட்டிருந்தது. அது எல்லா மனிதரையும்தானே குறிக்கிறது என்று பலர் வாதிட்டார்கள். குழுவில் இந்தியாவின் சார்பில் உட்கார்ந்திருந்த ஹன்சா மேத்தா விடவில்லை. பெண்களுக்கு உரிமை மறுக்க நினைக்கும் அரசுகளுக்கு அந்த ஒரு சொல் போதும் என்று அவருக்குத் தெரியும். 'மனிதர்' என்று பொதுவாக மாற்றவைத்தார். 1948 டிசம்பரில் பிரகடனம் நிறைவேறியது அந்தச் சொல்லோடுதான். சுதந்திரம் பெற்று ஒன்றரை ஆண்டுகூட ஆகாத, கையில் பணமும் படையும் பெரிதாக இல்லாத நாடு, உலகத்துக்கே ஒரு சொல்லைத் திருத்திக் கொடுத்தது.

விஷயம் தெரிந்தவரை அனுப்புங்கள். 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் ஆற்காடு ராமசாமி முதலியார். நீதிக்கட்சி நடத்தியவர், பொருளாதாரம் பேசத் தெரிந்தவர். 1946-ல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மன்றம் கூட்டிய மாநாட்டில்தான் உலக சுகாதார அமைப்பின் சாசனம் எழுதப்பட்டது. அவருடைய இரட்டைச் சகோதரர் லட்சுமணசாமி முதலியார் மருத்துவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1961-ல் உலக சுகாதார மாநாட்டின் தலைவரானவர் அவர். யாருக்கு எது தெரியுமோ அவரை அந்த இடத்துக்கு அனுப்பினால் இப்படித்தான் நடக்கும். இன்று இந்திய வெளியுறவுப் பணியில் இருக்கும் அதிகாரிகள் ஆயிரத்தை ஒட்டித்தான். மீன்வள மானியம், செயற்கை நுண்ணறிவு, விதை உரிமை, விண்வெளிக் குப்பை என்று எல்லாவற்றையும் அவர்களே படித்துப் பேச வேண்டும் என்பது நடக்கிற காரியமா? வேளாண் விஞ்ஞானியும் மீன்வள அதிகாரியும் வழக்கறிஞரும் அவர்களோடு போய் உட்கார வேண்டும். ஒரு கூட்டத்துக்கு மட்டும் வந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், அடுத்த கூட்டத்துக்கும் அதே ஆள் வர வேண்டும்.

சொன்னதற்கு விலை கொடுங்கள். 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு டர்பனுக்குப் போனது. அதற்குப் பிறகு போனவர்களிலும் தமிழர்கள் ஏராளம். 1946-ல் தென்னாப்பிரிக்க அரசு இந்தியர்கள் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் தடைபோடும் சட்டம் கொண்டுவந்தது. அப்போது இந்தியாவுக்குச் சுதந்திரமே வரவில்லை. இருந்தும் ஐ.நா. பொதுச் சபையில் முறையிட்டது. எதிர்த்தரப்பில் நின்றவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ், ஐ.நா. சாசன முகவுரைக்கு வரைவு எழுதியவர். இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார் அவர். விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான நம் குழு விடாமல் வாதாடியது. 1946 டிசம்பர் 8 அன்று 32-க்கு 15 என்ற கணக்கில், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானத்துக்கு முன்பே அந்த நாட்டோடு வணிகத்தை இந்தியா முறித்துக்கொண்டது. நமக்கும் நஷ்டம் தரும் முடிவு அது. அதனால்தான் நம் பேச்சுக்கு எடை வந்தது. 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதியாட்டத்துக்குப் போய்விட்டோம். எதிரணி தென்னாப்பிரிக்கா. சென்னைப் பையன்களான விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அப்போது நல்ல ஆட்டத்தில் இருந்தார்கள். கோப்பை கைக்கு எட்டும் தூரம். ஆட மாட்டோம் என்று அரசு முடிவெடுத்தது, கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அந்த வீரர்களின் இழப்பை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆனாலும் அது சரியான முடிவு என்றே சொல்வேன். நிறவெறி ஆட்சி 1994-ல் முடிந்தபோது, முதல் நாளிலிருந்து கூட நின்ற நாடு எது என்று ஆப்பிரிக்காவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சந்தாவை நேரத்துக்குக் கட்டுங்கள். இரண்டு ஆண்டுச் சந்தாவுக்கு ஈடான பாக்கி சேர்ந்தால் பொதுச் சபையில் வாக்குரிமை போய்விடும் என்பது சாசனத்தின் 19-வது பிரிவு. வாக்கு போகும் அளவுக்கு விடாவிட்டாலும், பாக்கிக்காரர் பேச்சு எந்தச் சபையிலும் எடுபடாது. இந்தியா இதில் ஒழுங்காக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

பணத்தோடு ஆளும் போகட்டும். 1950-ல் கொரியப் போருக்கு இந்தியா அனுப்பியது மருத்துவப் படைப்பிரிவை. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் அது காயம்பட்டவர்களுக்குக் களத்தில் சிகிச்சை செய்தது. போர்க்கைதிகளை என்ன செய்வது என்று இரு தரப்பும் முட்டிக்கொண்டபோது, 1953-ல் அந்தப் பொறுப்பை ஏற்ற நடுநிலை நாடுகள் ஆணையத்துக்குத் தலைவர் இந்தியாவின் ஜெனரல் திம்மையா. இதுவரை ஐ.நா. அமைதிப்படையில் பணியாற்றிய இந்தியர்கள் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். உயிர் கொடுத்தவர்கள் 170-க்கும் மேல். 2007-ல் பெண்கள் மட்டுமே அடங்கிய போலீஸ் படைப்பிரிவை லைபீரியாவுக்கு அனுப்பினோம். ஐ.நா. அமைதிப் பணியில் அப்படி ஒரு பிரிவு அதுவே முதல் முறை. உள்நாட்டுப் போரில் சீரழிந்த ஊர்த் தெருவில் நீலத் தொப்பியோடு பெண் போலீஸ் ரோந்து போனதைப் பார்த்து, அந்த நாட்டுப் பெண்களும் போலீஸ் வேலைக்கு வந்தார்கள். இது நூறு உரைக்குச் சமம்.

வாக்கை முன்கூட்டியே சேருங்கள். 1996-ல் பாதுகாப்பு அவையின் தற்காலிக இடத்துக்கு ஜப்பானோடு போட்டியிட்டோம். 142-க்கு 40 என்று தோற்றோம். 2017-ல் பன்னாட்டு நீதிமன்ற நீதிபதி தேர்தல் வந்தது. கடைசி ஓர் இடத்துக்கு நம் தல்வீர் பண்டாரியும் பிரிட்டனின் கிறிஸ்டோபர் கிரீன்வுட்டும். பொதுச் சபையிலும் பாதுகாப்பு அவையிலும் ஒரே நேரத்தில் வாக்கெடுப்பு, இரண்டிலும் பெரும்பான்மை வேண்டும். பொதுச் சபை பண்டாரி பக்கம், பாதுகாப்பு அவை கிரீன்வுட் பக்கம். சுற்றுச் சுற்றாக வாக்கெடுப்பு நடந்தும் யாரும் இறங்கி வரவில்லை. சிறிய நாடுகளின் தூதர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வைத்திருந்ததால் நம் ஆதரவு குறையவே இல்லை. கடைசியில் பிரிட்டன் விலகிக்கொண்டது. 1946-ல் நீதிமன்றம் தொடங்கியது முதல் அங்கே பிரிட்டன் நீதிபதி இல்லாமல் போனது அதுவே முதல் தடவை.

வயிற்றுக்கான விஷயத்தில் அசையாதீர்கள். நெல்லுக்கு அரசு ஒரு விலை வைத்து நேரடிக் கொள்முதல் நிலையத்தில் வாங்குகிறது, அது அரிசியாகி ரேஷன் கடைக்கு வருகிறது. நமக்கு இது அன்றாடம். உலக வர்த்தக அமைப்பின் கணக்கில் இது விவசாய மானியம். அரசு கொடுக்கும் விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மானியமாக எண்ணுகிறார்கள். அந்த வெளிச்சந்தை விலை எது? 1986 முதல் 1988 வரை இருந்த சராசரி விலை. 2018-19-ல் சாதாரண ரக நெல்லுக்கு அரசு குவிண்டாலுக்கு 1,750 ரூபாய் அறிவித்தது. அந்த விலையை முப்பது ஆண்டுக்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டு, மானியம் உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்றால் அது என்ன நியாயம்? ஆனால் அந்த விதி எழுதப்பட்டபோது நாமும் கையெழுத்திட்டிருக்கிறோம். வரைவு எழுதும்போதே உள்ளே இருங்கள் என்று முதலில் சொன்னது இதற்காகவும்தான்.

2013-ல் பாலி மாநாட்டில் தற்காலிகப் பாதுகாப்பு கிடைத்தது. அது நான்கே ஆண்டுக்கு என்ற பேச்சு கிளம்பியது. 2014 ஜூலையில், மற்ற நாடுகள் ஆவலோடு காத்திருந்த வணிக வசதி ஒப்பந்தத்துக்கு இந்தியா ஒப்புதல் தர மறுத்தது. உலகப் பத்திரிகைகள் திட்டின. நவம்பரில் முடிவு வந்தது: நிரந்தரத் தீர்வு கிடைக்கும்வரை, ஏற்கெனவே நடந்துவரும் உணவு தானியக் கொள்முதலை எதிர்த்து யாரும் வழக்குப் போட முடியாது. அந்த நிரந்தரத் தீர்வுதான் இன்னும் பாக்கி. ரேஷன் கடை வரிசையில் பையோடு நிற்கும் அம்மாவுக்கு ஜெனீவாவில் நடந்தது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் பொருட்டு யாரோ அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆதாரத்தைச் சேர்த்துக்கொண்டே இருங்கள். மறுபடியும் மஞ்சளுக்கு வருகிறேன். புண்ணுக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களையும் மருத்துவ இதழ்க் கட்டுரைகளையும் தேடி 32 சான்றுகளை அங்கே வைத்தது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. பாட்டி வைத்தியம் என்று நமக்குத் தெரிந்தது அங்குள்ள பரிசோதகருக்குத் தெரியாது, அவர் படிக்கும் மொழியில் அச்சில் இருந்தால்தான் தெரியும். அதனால் 2001-ல் மரபு அறிவு மின்நூலகம் தொடங்கினார்கள். ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு நம் சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகளும் ஐந்து உலக மொழிகளில் அதில் ஏறின. இன்னொரு பக்கம், உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு 2000-ல் இதற்கென ஒரு குழு அமைத்தது. இழுத்து இழுத்து 24 ஆண்டு பேசினார்கள். 2024 மே 24 அன்று ஒப்பந்தம் நிறைவேறியது. மூலிகையையோ மரபு அறிவையோ வைத்துக் காப்புரிமை கேட்பவர், அது எந்த நாட்டிலிருந்து, எந்த மக்களிடமிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும் என்கிறது அது. 24 ஆண்டில் எத்தனையோ அதிகாரிகள் ஓய்வு பெற்றிருப்பார்கள். கோப்புகளை அடுத்தவர் கையில் ஒழுங்காகக் கொடுத்துவிட்டுப் போன ஒவ்வொருவருக்கும் அந்த ஒப்பந்தத்தில் பங்குண்டு.

தோற்றாலும் தீர்ப்பை மதியுங்கள். வங்கக் கடல் எல்லை வழக்கில் 2014 ஜூலையில் தீர்ப்பாயம், தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467-ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தது. இந்தியா ஏற்றுக்கொண்டது. 2016-ல் தென்சீனக் கடல் தீர்ப்பைச் சீனா ஏற்க மறுத்தபோது, கடல் சட்டத்தை மதியுங்கள் என்று சொல்லும் தகுதி நமக்கு இருந்தது அதனால்தான்.

செய்யக்கூடாதவை

நாற்காலியைக் காலியாக விடாதீர்கள். 1950 ஜனவரியில் சோவியத் யூனியன் கோபித்துக்கொண்டு பாதுகாப்பு அவையைப் புறக்கணித்தது. ஜூனில் கொரியப் போர் வெடித்தது. வீட்டோ போட ஆள் இல்லாத அவையில், வட கொரியாவுக்கு எதிராகப் படை அனுப்பும் தீர்மானம் நிறைவேறியது. ஆகஸ்ட் 1 அன்று சோவியத் பிரதிநிதி திரும்பி வந்து உட்கார்ந்தார், காரியம் முடிந்திருந்தது. 1965-ல் இந்தோனேசியா ஐ.நா.வை விட்டே வெளியேறி அடுத்த ஆண்டே திரும்பியது.

பிரதிநிதியைப் பதிலுக்குக் காக்கவைக்காதீர்கள். அதே 1950 ஜூனில் பாதுகாப்பு அவையின் தலைமை இந்தியாவிடம் இருந்தது. நாற்காலியில் இருந்தவர் பி. என். ராவ், நம் அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் வரைவு தந்த மேதை. ஜூன் 27 அன்று முக்கியமான தீர்மானம் வாக்குக்கு வந்தபோது புதுடெல்லியின் அறிவுறுத்தல் அவர் கைக்கு வந்து சேரவில்லை. இந்தியா வாக்களிப்பில் பங்குகொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்துத் தீர்மானத்தை ஏற்பதாக டெல்லி அறிவித்தது. இரண்டு நாளில் உலகம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

எங்கே போய் முடியும் என்று பார்க்காமல் வழக்கைக் கொண்டுபோகாதீர்கள். 1948 ஜனவரி 1 அன்று காஷ்மீரை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனோம். படையெடுத்தவரைக் கண்டியுங்கள் என்பது நம் கோரிக்கை. தஞ்சைச் சீமையிலிருந்து வந்த கோபாலசாமி ஐயங்கார் நம் தரப்பை எடுத்துவைத்தார். மூன்று வாரத்துக்குள் அவையின் பட்டியலில் 'ஜம்மு காஷ்மீர் பிரச்சினை' என்றிருந்தது 'இந்தியா பாகிஸ்தான் பிரச்சினை' என்று மாறியது. புகார் கொடுக்கப் போனவரும் வழக்கில் ஒரு கட்சிக்காரர் ஆகிவிட்டார். 1957 ஜனவரியில் கிருஷ்ண மேனன் அதே அவையில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசினார், உடல்நிலை குலையும் அளவுக்குப் பேசினார். அவருடைய உழைப்பை வணங்குகிறேன். ஆனால் அடுத்த மாதம் காஷ்மீர் தீர்மானத்தைத் தடுத்தது சோவியத் வீட்டோதான்.

கைதட்டலைச் செல்வாக்கு என்று எண்ணாதீர்கள். யோகா நாள் தீர்மானத்தை 2014-ல் 177 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்தன. 2023 சிறுதானிய ஆண்டானது. இரண்டும் மகிழ்ச்சியே. யாருக்கும் செலவு வைக்காத தீர்மானத்துக்கு எல்லாரும் ஆதரவு தருவார்கள். 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கொரோனா மருந்துகளின் காப்புரிமையை நிறுத்திவைக்கக் கேட்டபோது அது பணக்கார நாடுகளின் மடியில் கைவைக்கும் விஷயம். 20 மாதம் இழுத்து, தடுப்பூசிக்கு மட்டும் ஒரு சலுகையாகச் சுருங்கி வந்தது. நம் பலம் எவ்வளவு என்பதை அந்த 20 மாதத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

எல்லா மன்றத்தையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள். பொதுச் சபையில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. பன்னாட்டு நிதியத்தில் பணத்துக்கு ஏற்ற வாக்கு: அமெரிக்காவுக்கு 16 விழுக்காட்டுக்கு மேல், நமக்கு 2.6 விழுக்காடு. முக்கிய முடிவுக்கு 85 விழுக்காடு வேண்டும் என்பதால் அமெரிக்கா ஒன்று மட்டும் நினைத்தாலே தடுத்துவிடும். அங்கே நாம் வங்கதேசம், பூட்டான், இலங்கை ஆகியவற்றோடு சேர்ந்து ஒரே இயக்குநரை வைத்திருக்கிறோம். அக்கம்பக்கத்தோடு உறவு கெட்டால் அங்கேயும் தெரியும்.

ஒரே விஷயத்தில் வாக்கை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலின் இரத்தம் காய்வதற்குள், இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவு. 2012-லும் 2013-லும் இலங்கையிடம் பொறுப்புக் கேட்ட தீர்மானத்துக்கு ஆதரவு. 2014-ல், பன்னாட்டு விசாரணை என்று வந்தபோது, வாக்களிக்கவில்லை. 2021-லும் வாக்களிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் டெல்லி ஒரு காரணம் சொன்னது. காரணங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு கொள்கை தெரிய வேண்டாமா? 2013-ல் தமிழ்நாட்டு மாணவர்கள் பட்டினி கிடந்து கேட்டது அதைத்தான். கொழும்பும் நம்மை முழுதாக நம்பவில்லை, காணாமல் போன மகனின் படத்தை ஏந்தி நிற்கும் வடக்கின் தாய்மாரும் நம்பவில்லை. 1946-ல் தென்னாப்பிரிக்கத் தமிழருக்காக இருந்த உறுதி இங்கே இல்லாமல் போனது என்பது என் துணிபு.

சொந்த மக்களிடம் மறைக்காதீர்கள். பன்னாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட நம் அரசுக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை. 1994-ல் உலக வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அப்படித்தான். கையெழுத்துக்கு முன்னால் அவையில் வைத்துப் பேசுவதில் எந்த ரகசியமும் கெட்டுவிடாது.

நம் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. கோடெக்ஸ் விஷயத்தில் இந்தியாவின் தொடர்பு அலுவலகம் உணவுப் பாதுகாப்பு தர நிர்ணய ஆணையம், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தன் வரைவு விதிகளை வெளியிட்டு அது மக்கள் கருத்துக் கேட்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் தன் தர வரைவுகளை அப்படி வெளியிடுகிறது. ஈரோட்டில் விரலி ஒடித்துப் பார்க்கும் வியாபாரிக்கும், போடியில் ஏலக்காய் ஏலம் எடுப்பவருக்கும், வேளாண் கல்லூரியில் ஆய்வு செய்யும் மாணவிக்கும் தெரிந்தது டெல்லி அதிகாரிக்குத் தெரியாமல் இருக்கலாம். அடுத்த வரைவு வரும்போது உங்கள் சங்கத்தின் பெயரில் இரண்டு பக்கமாவது எழுதி அனுப்புங்கள். தமிழில் எழுதி, கூடவே ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வையுங்கள்.